விஷத்துக்கு மருந்தென்று பெயர்

(போடிநாயக்கனூரில் ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று என்னை இங்கு பேசச் சொன்னதற்குக் காரணம் நான் வைத்தியன் என்பதோ, விஞ்ஞானம் படித்துப் பட்டம் வாங்கியவன் என்பதோ அல்ல. நானும் உங்களைப்போல் இந்த மலை அடிவாரத்தில் பிறந்தவன். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறிப் போகின்றவர்களையும், பொழுது சாய்ந்து வாடிய முகத்தோடு இறங்கி வருகின்றவர்களையும் சிறு வயது முதல் பார்த்து வருகின்றவன். ஆகையால் நான் சொல்லுவதை, ஒருவன் மேடையேறிச் சொல்லிவிட்டான் என்பதற்காக நம்பிவிட வேண்டாம். உங்கள் அனுபவத்தோடு ஒத்துப் பாருங்கள். சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இங்கேயே உதறிவிட்டுப் போங்கள்.

கூட்டத்துக்கு வரும் வழியில் டீ குடிக்க ஒரு கடையில் நின்றேன். அங்கே ஒரு பெரியவர் டீ கிளாசை எடுத்தார். கை ஆடிற்று. கிளாஸ் தட்டில் படபடவென்று அடித்துக்கொண்டது. பாதி டீ கீழே சிந்திற்று. "என்னண்ணே, குளிரா?" என்று கேட்டேன். "குளிரில்லை தம்பி, இது மூணு வருஷமாய் இருக்கிறது. நமக்குக் கிரகம் சரியில்லை" என்றார். "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று கேட்டேன். "மேலே பூப்பாறைப் பக்கம் மருந்தடிக்கிற வேலை. இருபத்தைந்து வருஷம்" என்றார்.

தோழர்களே! அந்தப் பெரியவருடைய நடுக்கம் மருந்தடித்ததால்தான் வந்தது என்று நான் சாதிக்க வரவில்லை. அப்படிச் சொன்னால் நானும் பார்க்காமலேயே சொல்லும் ஜோசியனாகத்தான் ஆவேன். ஆனால் இருபத்தைந்து வருஷம் விஷத்தில் நனைந்த ஒரு மனிதன் தன் கை நடுக்கத்துக்குச் சனியைக் காரணமாகச் சொல்லுகின்றானே தவிர, தான் பிடித்த ஓசை நினைத்துப் பார்க்கவில்லையே என்பதுதான் என் வருத்தம். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகின்றேன்.

பெயரில் இருக்கும் மோசம்

முதலாவதாக இந்தப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சியைக் கொல்லுவதற்காகச் செய்யப்பட்ட விஷத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் "மருந்து". "மருந்தடிக்கப் போறேன்", "மருந்து கலக்குறேன்" என்கின்றோம். காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, கடனுக்குப் பயந்தவன் குடித்துச் சாவதும் மருந்து என்றால், மருந்து என்ற வார்த்தைக்கு என்ன அர்த்தம்? விஷம் என்று பெயர் வைத்திருந்தால் கையை விட்டுக் கலக்குவோமா? அடைத்துக்கொண்ட முனையை வாயில் வைத்து ஊதுவோமா? ஒரு வார்த்தை நம்முடைய பயத்தைப் போக்கிவிட்டது. பயம் போக வேண்டிய இடத்தில் போகாமல், இருக்க வேண்டிய இடத்தில் போய்விட்டது.

ஏலக்காய்க்கு இலைப்பேன் உண்டு, தண்டையும் காயையும் துளைக்கிற புழு உண்டு, வேரைத் தின்னும் புழு உண்டு. ஞள்ளானி என்ற அதிக விளைச்சல் ரகம் வந்த பிறகு செடியும் பெருத்தது, விளைச்சலும் பெருத்தது, விஷமும் பெருத்தது. பதினைந்து இருபது நாளைக்கு ஒரு தரம் அடிக்கிற தோட்டங்களும் உண்டு என்பது இங்கே உட்கார்ந்திருக்கின்ற உங்களுக்கு என்னைவிட நன்றாய்த் தெரியும். நெல்வயலில் அடிக்கிறவனுக்குப் பயிர் முழங்கால் உயரம். ஏலத்தில் அடிக்கிறவனுக்குப் பயிர் தலைக்கு மேல். மேல்நோக்கி அடித்தால் அது எங்கே விழும்? அடித்தவன் முகத்திலும், கழுத்திலும், சட்டையிலும்தான் விழும். சரிவான இடம், மூடின மரநிழல், ஈரக்காற்று. சட்டை காய்வதற்கே வழியில்லை. விஷம் மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும்தான் போகும் என்று பலர் நினைக்கின்றார்கள். அது தப்பு. மருந்தடிக்கிறவன் உடம்பில் பெரும்பாலும் தோல் வழியாகத்தான் விஷம் இறங்குகின்றது.

பூச்சியும் மனிதனும்

பூச்சி எப்படிச் சாகின்றது என்று தெரிந்துகொண்டால் மனிதனுக்கு என்ன கெடுதல் என்பது தானே விளங்கும். நரம்பு உத்தரவு கொடுப்பது அசிட்டைல்கொலின் என்கிற ஒரு ரசாயனத்தைக் கொண்டு. உத்தரவு போய்ச் சேர்ந்தவுடன் அதை அழித்துவிடுவதற்கு கொலினஸ்டரேஸ் என்று ஒன்று இருக்கின்றது. பாடம் முடிந்ததும் பலகையைத் துடைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்ற விஷங்கள் அந்தத் துடைக்கிற கையைக் கட்டிப்போட்டுவிடுகின்றன. உத்தரவு அழியாமல் நிற்கின்றது. தசை இழுத்துக்கொண்டே இருக்கின்றது. பூச்சி சாகின்றது. இதே அசிட்டைல்கொலினும் இதே கொலினஸ்டரேசும்தான் உங்கள் உடம்பிலும் என் உடம்பிலும் இருக்கின்றன. பூச்சியின் நரம்புக்கும் மனிதனின் நரம்புக்கும் ஜாதி வித்தியாசம் கிடையாது. அளவு வித்தியாசம்தான். அதனால்தான் அதிகமாய்ப் பட்ட அன்று வாயில் நீர் ஊறுகின்றது, கண்ணின் மணி சுருங்குகின்றது, வேர்த்துக் கொட்டுகின்றது, வாந்தி வருகின்றது. அப்போது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகின்றோம். அங்கே அட்ரோபின் ஊசி போட்டுப் பிழைக்க வைக்கின்றார்கள்.

இது உடனே தெரிகிற கெடுதல். நான் சொல்ல வந்தது உடனே தெரியாத கெடுதலைப் பற்றி.

நடுக்க வியாதி

லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற ஒரு வைத்தியர் 1817-ம் வருஷம், கை நடுங்கி, நடை சுருங்கி, உடம்பு குனிந்துபோகும் ஒரு வியாதியை விவரித்து ஒரு சிறு புத்தகம் எழுதினார். அவர் பெயராலேயே இன்று அது பார்க்கின்சன் வியாதி என்று அழைக்கப்படுகின்றது. மூளையின் அடிப்பாகத்தில் கறுப்பு நிறமாய் ஒரு சிறு பாகம் இருக்கின்றது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்பதை உண்டாக்குகின்றன. நாம் நினைத்தபடி கையும் காலும் வழுவழுப்பாய் அசைவது அதனால்தான். அந்த அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாய்ச் செத்துக்கொண்டு வந்தால், பெரும்பகுதி போன பிறகுதான் கை நடுங்க ஆரம்பிக்கின்றது. அதற்குப் பல வருஷம் முன்னதாகவே வாசனை தெரியாமல் போவதும், மலச்சிக்கலும் வருவதுண்டு. 2019-ல் உலகத்தில் 85 லட்சம் பேருக்கு மேல் இவ்வியாதி இருந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்லுகின்றது.

இதற்கு விஷம் ஒரு காரணமாகலாம் என்பது எப்படித் தெரிந்தது? 1982-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் சில வாலிபர்கள் போதைக்காகத் திருட்டுத்தனமாய்ச் செய்த ஒரு சரக்கை ஊசியில் ஏற்றிக்கொண்டார்கள். சில நாளில் அவர்கள் மரம் போல் விறைத்துப் பேச்சும் அசைவும் இல்லாமல் போனார்கள். எழுபது வயதில் வரும் வியாதி வாலிபர்களுக்கு வந்துவிட்டது! லாங்ஸ்டன் என்ற வைத்தியரும் அவரது கூட்டாளிகளும் ஆராய்ந்து, அந்தச் சரக்கில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்ற விஷம் மூளையின் அந்தக் கறுத்த பாகத்தைக் கொன்றுவிட்டது என்று 1983-ல் வெளியிட்டார்கள். அந்த விஷம் மூளைக்குள் போய் மாறுகின்ற ரூபம், பாராகுவாட் என்னும் களைக்கொல்லியின் ரூபத்தை ஒத்ததாயிருந்தது. அப்போதுதான் உலகம் விழித்துக்கொண்டது.

அதற்குப்பின் அமெரிக்காவில் ஐயோவா, வட கரோலினா ஆகிய மாகாணங்களில் விஷம் தெளிக்கும் தொழிலாளர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் எடுத்து, வியாதி வந்தவர்கள் 110 பேரையும் வராதவர்கள் 358 பேரையும் ஒத்துப் பார்த்து 2011-ல் முடிவு சொன்னார்கள். பாராகுவாட்டோ ரோட்டினோனோ உபயோகித்தவர்களுக்கு இவ்வியாதி வரும் ஆபத்து மற்றவர்களைப் போல் சுமார் இரண்டரை மடங்கு என்று கண்டார்கள். 2009-ல் கலிபோர்னியாவில் செய்த இன்னொரு ஆராய்ச்சியில், பாராகுவாட்டும் மேனெப் என்பதும் அடிக்கப்பட்ட நிலத்துக்கு 500 மீட்டருக்குள் குடியிருந்தவர்களுக்கே ஆபத்து 75 சதவீதம் கூடுதலென்று தெரிந்தது. அடிக்கிறவனுக்கு மாத்திரமல்ல, பக்கத்து லயத்தில் பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருக்கும் தாய்க்கும் இதில் பங்கு உண்டு என்று அர்த்தம்.

இதிலே ரோட்டினோன் என்பது ஒரு செடியின் வேரிலிருந்து எடுப்பது. "இயற்கையானதுதானே, கெடுதல் செய்யாது" என்று சொல்லும் பேர்வழிகள் இதைக் கவனிக்க வேண்டும். அரளியும் இயற்கைதான். இயற்கையா செயற்கையா என்பதல்ல கேள்வி. உடம்பில் போய் என்ன செய்கின்றது என்பதுதான் கேள்வி.

ஆக்ஷேபணைகளும் சமாதானமும்

இதற்கு நம் ஆட்கள் சொல்லும் முதல் ஆக்ஷேபணை என்னவென்றால், "மருந்தடிக்கிற எல்லோருக்குமா வருகின்றது? எங்கள் சித்தப்பா நாற்பது வருஷம் அடித்தார், கல்லுப்போல் இருக்கின்றாரே!" என்பதாகும். சரி. பீடி குடிக்கிற எல்லோருக்குமா புற்று வருகின்றது? இரண்டரை மடங்கு என்றால் எல்லோருக்கும் வரும் என்று அர்த்தமல்ல. நூறு பேரில் ஒருவருக்கு வரக்கூடியது என்று வைத்துக்கொண்டால், இரண்டு மூன்று பேருக்கு வரும் என்று அர்த்தம். வயதும் ஒரு காரணம், பரம்பரையும் ஒரு காரணம், ஒப்புக்கொள்ளுகின்றேன். ஆனால் வயதை நாம் நிறுத்த முடியாது. பெற்றோரை மாற்ற முடியாது. விஷத்தை மாத்திரம்தான் குறைக்க முடியும். முடிந்ததை விட்டுவிட்டு முடியாததைப் பேசிக்கொண்டிருப்பது யாருக்கு லாபம்?

இரண்டாவது, "பால் குடித்தால் முறிந்துவிடும், மோர் குடித்தால் இறங்கிவிடும்" என்பது. தோல் வழியாய் இரத்தத்தில் கலந்த விஷத்தை வயிற்றில் கிடக்கும் பால் எப்படிப் போய்ப் பிடிக்கும்? யோசித்துப் பாருங்கள். சோப்பும் தண்ணீரும் செய்யும் வேலையைப் பால் செய்யாது.

மூன்றாவது, "எல்லாம் தலைவிதி" என்பது. நம் வீட்டில் கை நடுங்கினால் செய்வினை, சனி, முற்பிறப்பின் பாவம்! ஆனால் பிரான்சு தேசத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? 2012-ல் அந்நாட்டு சர்க்கார், பத்து வருஷம் பூச்சிக்கொல்லியோடு வேலை செய்த விவசாயிக்கு இவ்வியாதி வந்தால் அது தொழிலினால் வந்த வியாதி என்று ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடு கொடுக்கும்படி விதி செய்தார்கள். அங்கே சட்டம் பொறுப்பை ஏற்றது. இங்கே சனிபகவான் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுகின்றார். சனியின் பேரில் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது அல்லவா? அதனால்தான் அவர் எல்லோருக்கும் சௌகரியமாய் இருக்கின்றார்.

வெகுதூரம் போவானேன்? கேரளத்தில் காசர்கோட்டில் சுமார் 4,600 ஹெக்டேர் முந்திரித் தோட்டத்தில் 1970-க்கு மேற்பட்ட வருஷங்களிலிருந்து 2000 வரையில் ஆகாய விமானத்தின் மூலம் எண்டோசல்பான் தெளித்தார்கள். ஊனமான குழந்தைகளும் நரம்பு வியாதிக்காரர்களும் வீட்டுக்கு வீடு இருக்கக்கண்டு தெய்வக்குற்றம் என்று நம்பினவர்கள் உண்டு. விவசாய இலாகாவில் வேலை பார்த்த லீலாகுமாரி அம்மாள் என்ற ஒரு பெண்மணி அதை நம்பவில்லை. 1998-ல் கோர்ட்டுக்குப் போனார். அவரைப் போன்றவர்களின் பிடிவாதத்தால் விமானம் நின்றது. 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு எண்டோசல்பானை நாடு முழுவதும் தடுத்தது. 2017-ல் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி உத்தரவிட்டது. தெய்வக்குற்றம் என்று பூஜை போட்டுக்கொண்டே இருந்திருந்தால் இன்றைக்கும் விமானம் பறந்துகொண்டுதானே இருக்கும்?

தின்கிறவனுக்கு ஒரு நியாயம், அடிக்கிறவனுக்கு ஒரு நியாயமா?

2023 ஜனவரியில் ஒரு வேடிக்கை நடந்தது. சபரிமலை அரவணைப் பாயசத்தில் போட்ட ஏலக்காயில் பூச்சிக்கொல்லியின் மிச்சம் அளவுக்கு மேல் இருப்பதாகப் பரிசோதனையில் சொல்லப்பட்டதன் பேரில், கேரள ஹைகோர்ட்டு ஆறரை லட்சம் டின்களுக்கு மேல் விற்கக்கூடாதென்று நிறுத்திவிட்டது. 2024 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு அவ்வுத்தரவைத் தள்ளிவிட்டது. பாயசம் நல்லதா கெட்டதா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. நான் கேட்பது வேறு. ஒரு டின் பாயசத்துக்குள் போகும் ஏலக்காய் எவ்வளவு? அந்த ஏலக்காயில் ஒட்டியிருக்கும் விஷம் எத்தனை அணு? அதற்கு இவ்வளவு பரிசோதனை, இவ்வளவு கோர்ட்டு, இவ்வளவு பத்திரிகைச் செய்தி! அதே ஏலக்காய்க்கு டிரம் டிரம்மாய் விஷத்தைக் கலக்கி, தலையோடு கால் நனைந்து அடித்தவனுடைய இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென்று எந்தப் பத்திரிகை எழுதிற்று?

சட்டம் இல்லையென்று நினைக்காதீர்கள். 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் செய்தார்கள். 1971-ல் விதிகள் செய்தார்கள். விஷத்தோடு வேலை செய்கிறவனை வைத்தியர் சோதிக்க வேண்டும், குளோர்பைரிபாஸ் வகையைச் சேர்ந்த விஷங்களோடு வேலை செய்கிறவனுடைய இரத்தத்தில் கொலினஸ்டரேஸ் அளவை மாதந்தோறும் பார்க்க வேண்டும், காப்பு உடையும் கையுறையும் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அவ்விதிகளில் எழுதினார்கள். இங்கே கூடியிருப்பவர்களைக் கேட்கின்றேன்: மாதந்தோறும் இரத்தம் சோதிக்கப்பட்டவர் யாராவது இருந்தால் தயவு செய்து கையைத் தூக்குங்கள். (ஒருவரும் தூக்கவில்லை.) சரி, வேறு சாட்சி வேண்டாம்.

பாராகுவாட்டைக் கேரள சர்க்கார் 2011-லேயே தடுத்தார்கள். ஐரோப்பாவில் 2007-ல் தடுத்தார்கள். குளோர்பைரிபாசை 2025-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் கூடி, சில விலக்குகளோடு, உலகத்திலிருந்து ஒழிக்கப்பட வேண்டியவைகளின் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனால் தடை என்பது காகிதத்தில் ஏறிவிடும். காகிதம் தானே மலையேறி வந்து டிரம்மைப் பிடுங்கிவிடாது. பிடுங்க வேண்டியவர்கள் நாம்தான்.

என்ன செய்ய வேண்டும்?

"மருந்தடிக்காவிட்டால் ஏலம் ஏது? ஏலம் இல்லாவிட்டால் கூலி ஏது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாளைக்கே எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டுமென்று சொல்ல நான் பைத்தியக்காரனல்ல. ஆனால் பூச்சி இருக்கின்றதா என்று பாராமல் நாள் கணக்கு வைத்து அடிப்பது எந்த விவசாயம்? காய்ந்த சோகைகளைக் கழித்துச் செடியைச் சுத்தமாய் வைத்தால் இலைப்பேன் ஒளிய இடமில்லை. வேர்ப்புழுவைக் கொல்லும் நுண்ணிய நூற்புழுக்களை உபயோகிக்கும் முறை இருக்கின்றது. மயிலாடும்பாறையிலும் பாம்பாடும்பாறையிலும் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையங்கள் இருப்பது எதற்காக? முதலாளிமார்கள் விஷக்கடைக்காரர் சொல்லுவதைக் கேட்பதில் பாதியாவது அங்கே போய்க் கேட்கட்டும்.

தொழிலாளர்களாகிய உங்களுக்குச் சொல்லுவது: கையுறை போடுங்கள். அமெரிக்காவில் அதே தொழிலாளர்களை மறுபடியும் ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டதில், பாராகுவாட்டுக்கும் வியாதிக்கும் உள்ள சம்பந்தம் கையுறையைச் சரியாய்ப் போடாதவர்களிடத்தில்தான் தெரிந்தது. ஒரு ஜோடி கையுறையின் விலையைவிட உங்கள் கை மட்டமானதா? டின்னில் உள்ள முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். எழுத்துத் தெரியாவிட்டாலும் நிறம் தெரியும். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை என்றாலும் விஷம்தான், குறைவு, அவ்வளவே. காற்றுக்கு எதிரே நின்று அடிக்காதீர்கள். விஷக்கையோடு பீடியும் வெற்றிலையும் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு ஜீப் ஏறுங்கள். அந்தச் சட்டையைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துப் போடாதீர்கள். அதைத் துவைப்பவள் உங்கள் மனைவி, அவளுக்கும் மூளை இருக்கின்றது, நரம்பு இருக்கின்றது. காலி டின்னில் தண்ணீர் பிடிக்காதீர்கள். தாய்மார்களே! அடித்த அன்றைக்கே அந்த வரிசையில் காய் பறிக்கச் சொன்னால், முடியாது என்று பத்துப் பேராய்ச் சேர்ந்து சொல்லுங்கள். ஒருத்தி சொன்னால் வேலை போகும். பத்துப் பேர் சொன்னால் வேலைநேரம் மாறும்.

சர்க்காரைக் கேட்க வேண்டியது மூன்று. மலையேறி மருந்தடிக்கும் ஒவ்வொருவரையும் பெயர் எழுதிக் கணக்கெடுத்து, வருஷா வருஷம் சோதிக்க வேண்டும். எல்லை கேரளம், ஊர் தமிழ்நாடு என்று இரண்டு சர்க்காரும் ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிடாமல் சேர்ந்து அதைச் செய்ய வேண்டும். பிரான்சைப் போல் இவ்வியாதியைத் தொழில் வியாதி என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, கை நடுங்க ஆரம்பித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வெட்கப்பட்டுக் கையைத் துண்டுக்குள் ஒளிக்காதீர்கள். கயிறு கட்டிக் காலத்தைப் போக்காதீர்கள். இவ்வியாதியை அடியோடு போக்க மருந்து இல்லைதான். ஆனால் லெவோடோபா என்ற மாத்திரை இருக்கின்றது, அது நடுக்கத்தையும் விறைப்பையும் அடக்கி, பல வருஷம் மனிதனாய் நடமாட வைக்கும். தேனி மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கோ போய் நரம்பு வைத்தியரைப் பாருங்கள். போனதும், "நான் இத்தனை வருஷம் மருந்தடித்தவன்" என்று சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதினால்தான் கணக்கு, கணக்கு இருந்தால்தான் கேட்க முடியும். உண்மையிலேயே மருந்து என்று பெயர் வைக்கத் தகுந்தது அந்த மாத்திரைதான். டிரம்மில் கலக்குவது அல்ல.

கூட்டம் முடிந்ததும் நான் அந்த டீக்கடைக்குத்தான் திரும்பிப் போகப் போகின்றேன். அந்தப் பெரியவரை நாளைக்குத் தேனிக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கின்றேன். உங்கள் தெருவிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவரை நீங்கள் அழைத்துப் போங்கள்.